தலையணைக்கு அடியில் இருந்த ஆக்சிமீட்டர்

1996ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், என் அப்பா ஓர் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்றார்கள். பெட்டிக்கடைக்காரரை எழுப்பிச் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள், பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார்கள், முதுகைத் தடவிவிட்டார்கள். வாடகைக் கார் சேற்றில் தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்கு அப்போது 52 வயது, எனக்கு 24. இரவில் வரும் பீதியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் அப்பாவின் சாவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் நெஞ்சு படபடக்கிறது என்று யார் சொன்னாலும் அடுத்த நொடியே "காஸ்தான் சார், ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அந்தப் பதிலை என் காது கேட்டுக்கொள்ளும், உடல் ஒப்புக்கொள்ளாது.

எனக்கு 51 வயது முடிந்திருந்த 2023 ஆகஸ்டில் முதல் தடவை வந்தது. திருச்சியில் ஓர் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அன்றைக்குக் கடையில் தகராறு ஏதும் இல்லை, வீட்டிலும் இல்லை. பத்தரைக்குப் படுத்தவன், கனவு ஏதுமின்றி, யாரோ கழுத்தைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது போலப் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பனியன் அசைவது எனக்கே தெரிந்தது. எத்தனை மூச்சு இழுத்தாலும் அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல இருந்தன. உள்ளங்கை சில்லிட்டு வியர்த்தது. இவை அனைத்தையும்விடப் பெரிதாக ஒன்று இருந்தது: செத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நிச்சயம். பயம் என்று அதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பயத்தில் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருக்கும்.

பக்கத்துத் தெருவில் ஆட்டோ வைத்திருப்பவரை மனைவி எழுப்பினாள். ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத் தசை சேதமடைந்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்தார்கள், விடியற்காலையில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. காலை ஏழு மணிக்கு ஓர் இளம் மருத்துவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான், நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பரிசோதனைகளில் நான் குறை காணவில்லை. நெஞ்சில் அப்படி ஓர் அடைப்பு முதல் முறை வரும்போது, அதுவும் ஐம்பதைத் தாண்டிய ஒருவனுக்கு வரும்போது, போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பதை எங்கள் வீடு பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. எனக்கு உறுத்தியது அந்த 'ஒன்றுமில்லை'. வந்தது என்னவென்று ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். பெயர் இல்லாத ஒன்றைக் கையில் கொடுத்து நன்றாகத் தூங்கு என்றால், படுக்கையில் தலை சாய்க்கும் மனிதன் என்ன செய்வான்?

நான் சரிபார்க்க ஆரம்பித்தேன். சரிபார்ப்பதுதானே என் பிழைப்பு! இரண்டாம் முறை வந்தது எட்டு நாள் கழித்து. மூன்றாவது, அதற்கு நான்கு நாள் கழித்து. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், அலைந்து திரிந்து வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று, விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் நாடித் துடிப்பையும் காட்டும் கருவி, பீரோவில் கிடந்தது. அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். படுக்கும் முன் ஒரு முறை விரலில் மாட்டிப் பார்ப்பது, விளக்கை அணைத்த பின் ஒரு முறை, புரண்டு படுத்தால் ஒரு முறை என்று அது வளர்ந்தது. சிவப்பு வெளிச்சத்தில் ஆக்சிஜன் 98 என்றும் நாடி 76 என்றும் எண்கள் வரும். 76 ஏன் 81 ஆனது என்று யோசிப்பேன். யோசிக்க யோசிக்க அது 94 ஆகும். அட்டாக் வந்துவிட்ட நேரத்திலோ இன்னும் மோசம்: விரல் சில்லிட்டுக் கிடப்பதால் கருவிக்கு உடனே அளவு கிடைக்காது, எண்ணுக்குப் பதில் இரண்டு கோடுகள் மட்டும் தெரியும். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாறு நொடிகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கருவி இல்லாத இடத்தில் கழுத்துப் பக்கவாட்டில் இரண்டு விரல்களை அழுத்தி நாடி பார்ப்பேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டேன், தலையணையில் காது அழுந்தினால் இதயத் துடிப்பு கேட்கிறது என்பதற்காக.

இதற்கிடையே வைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "அமுக்கான் பேய்டா, அப்பாவ நெனச்சுக்கிட்டே படுக்குற" என்று விபூதி பூசிவிட்டார். அமுக்கான் என்று நம் பெரியவர்கள் சொல்வது வேறு. விழித்திருந்தும் கை கால் அசைக்க முடியாமல் மார்பில் எதுவோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும் அது, கனவு காணும் உறக்கத்தின் விளிம்பில் உடல் விழிக்கும் முன் மனம் விழித்துக்கொள்வதால் நேர்வது. எனக்கோ கை கால் நன்றாகவே அசைந்தன, அசைந்தது மட்டுமா, வாசல் வரை ஓடின. மைத்துனர் ஒருவர் தன்னிடமிருந்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்து, இதைப் போட்டால் குழந்தை மாதிரித் தூங்கலாம் என்றார். தூங்கவும் தூங்கினேன். ஆனால் அந்த வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடக்கூடியவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கும் மருந்து நம் வீடுகளில் சுக்குப்பொடி போலக் கைமாறுவதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஐந்தாவது தடவை வந்தபோது, நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்காலுக்கு, மனைவி ஆட்டோவைக் கூப்பிடாமல் 14416ஐக் கூப்பிட்டாள். 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பள்ளிக்கூடத்துச் சுவரொட்டியில் பார்த்து எழுதி வைத்திருந்தாளாம். எதிர்முனையில் இருந்த பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தூங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது சார்?" என்பது. ஐந்து தடவையும் படுத்து இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் வந்திருப்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கனவு கண்டு அலறி எழுந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர், உறக்கத்திலும் வரும், உங்களுக்கு மட்டும் வருவதில்லை என்றார். அந்த வாக்கியத்துக்குள் அட்டாக் என்ற சொல் இருந்தும், ஒரு மாதத்தில் முதல் முறையாக எனக்கு மூச்சு கீழே இறங்கியது.

அவர் சொன்னபடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். புற நோயாளி வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றதையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்த மருத்துவர் அம்மையார் முதலில் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் பரிசோதனை எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருந்தாலும், இரைப்பை அமிலம் மேலே ஏறினாலும் நடு இரவில் திணறி எழுவது உண்டு. குறட்டையைப் பற்றி என்னைக் கேட்காமல் என் மனைவியைக் கேட்டார். அனுபவஸ்தர்.

முடிவுகள் வந்தபின் அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கெட்ட கனவுகள் பெரும்பாலும் இரவின் பின்பாதியில், கனவு உறக்கத்தில் வருபவை. இரவுப் பீதியோ முன்னிரவில், லேசான உறக்கத்திலிருந்து ஆழ்ந்த உறக்கத்துக்கு இறங்கும் கட்டத்தில் வருவது. அந்த நேரத்தில் இதயம் நிதானமாகிறது, தசைகள் தளர்கின்றன, மூச்சு மாறி ரத்தத்தில் கரியமில வாயு சற்றே கூடுகிறது. மற்றவர்கள் இதைக் கவனிக்காமல் உறங்கிவிடுகிறார்கள். உடலைக் காவல் காத்துப் பழகியவனின் மூளை, உறக்கத்திலும் அந்தச் சின்ன மாற்றத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எழுந்தவன் மூச்சு போதவில்லை என்று வேகவேகமாக இழுக்கிறான். இழுக்க இழுக்கக் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரலும் உதடும் மரத்துப்போகும். ஆக்சிஜன் மட்டும் குறைந்திருக்காது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் நம்பிய ஒவ்வொரு இரவிலும் அந்தச் சின்னக் கருவி 98, 99 என்று ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. எங்கள் ஊரார் வாயு வாயு என்றது முழுக்கத் தவறில்லை போலும். எந்த வாயு என்பதில்தான் பிசகு.

இதில் புதிதும் ஏதுமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களுக்கு, இதயத்தில் கோளாறு தென்படாமலேயே படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்ததை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871லேயே எழுதி வைத்திருக்கிறார். பேனிக் கோளாறு என்று தனியாகப் பெயர் கொடுத்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகைப்படுத்தியது 1980இல். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் அதை ஒரு வட்டமாக விளக்கினார்: உடலில் ஓர் உணர்ச்சி, அதற்குச் சாவு என்று ஒரு பொருள், அந்தப் பொருளால் பயம், பயத்தால் அதே உணர்ச்சி இன்னும் அதிகம். மருத்துவர் என் சீட்டின் பின்புறத்தில் அந்த வட்டத்தை வரைந்துவிட்டு, "இதில் உங்கள் ஆக்சிமீட்டர் எங்கே இருக்கிறது, நீங்களே குறியுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியே, காவல்காரன் போல, அதை வரையப் போனேன். அவர் சிரித்தார். வட்டத்தின் மேலேயே, பொருளுக்கும் பயத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். நான் பாதுகாப்பு என்று நினைத்ததுதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை விரலில் மாட்டும்போதும், இங்கே பார்க்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது என்று என் மூளைக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கருவியைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே இன்னொன்று வாங்கியிருப்பேன். தள்ளிப்போடச் சொன்னார். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஐந்து நிமிடம் கழித்துப் பார். அடுத்த வாரம் பத்து நிமிடம். அதன்பின் கருவி மனைவியிடம் இருக்கட்டும், கேட்டு வாங்கிக்கொள். பீதி பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் ஏற அதற்கு வழி இல்லை. அரை மணிக்குள் அநேகமாக வடிந்துவிடும். நான் தள்ளிப்போட்ட பத்து நிமிடத்துக்குள் அது தானாக இறங்கத் தொடங்கியிருக்கும் என்பதுதான் கணக்கு. கேட்க எளிது. முதல் இரவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம், வருமான வரிச் சோதனைக்கு வந்தவர்கள் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு நாளைவிட நீளம்.

கழுத்துக்குப் போகும் விரல்களை யாரிடமும் கொடுத்து வைக்க முடியாதல்லவா? அதனால் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். பாதங்கள் தரையில்; சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி தெரிய வேண்டும். மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காமல் விடுவதில் வைப்பேன், ஊதுபத்தி நெருப்பை அணைக்காமல் ஊதுவது போல மெல்ல, நீளமாக. இதையும் ஒரு மந்திரமாகப் பிடித்துக்கொண்டு இப்போதே நிற்க வேண்டும் என்று அவசரப்பட்டால் அதுவே புதிய சரிபார்ப்பாகிவிடும். அந்தத் தவறையும் செய்து பார்த்தவன் நான். வந்திருக்கிறாயா, இரு, ஆனபின் போ என்று விடுவதுதான் கடினம், அதுதான் பலித்தது. மனைவி "ஒண்ணுமில்லங்க" என்று சொல்வதை நிறுத்தியதும் பெரிய உதவி. "மணி ஒண்ணு பத்துங்க, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்வாள்.

பகலில் வேறொரு பாடம் இருந்தது. இதயம் வேகமாக அடித்தாலே சாவு என்று நம்பும் உடலுக்கு, வேகத்தை வேண்டுமென்றே பழக்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடுவது, சுழலும் நாற்காலியில் சுற்றித் தலை கிறுகிறுக்க விடுவது, உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுவது என்று மருத்துவமனையில் செய்ய வைத்தார்கள். இதயப் பரிசோதனைகள் சரியாக இருந்ததால் என்னை இதற்கெல்லாம் விட்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நானே மலைக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தேன். 83 மீட்டர் உயரப் பாறையில், தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையார் வரை, நிற்காமல் ஏறினால் என் வயதுக்கு இதயம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய் வறண்டு, கால் நடுங்கி, பனியன் நனைந்து மேலே போய் நின்றபோது, படுக்கையில் வரும் அத்தனை அறிகுறிகளும் அங்கே என்னிடம் இருந்தன. பக்கத்தில் ஒரு பாட்டி அதே அளவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு அருகம்புல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேலே காற்று நன்றாக இருந்தது, காவிரி தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஏறினேன்.

மாத்திரையும் சாப்பிட்டேன். பீதிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். முதல் பத்து நாள் படபடப்பு கூடினாற்போல இருந்தது, அப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் விடவில்லை. பலன் தெரிய ஐந்து வாரம் ஆயிற்று. இது எனக்கு எழுதியது, மைத்துனர் செய்ததை நான் யாருக்கும் செய்வதாக இல்லை. மாலை ஆறு மணிக்குக் கடையில் குடிக்கும் டிகிரி காபியையும் கைவிட நேர்ந்தது. காபியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். ஆறு மணிக் காபியின் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றிலும் இந்தக் காபிதான் எனக்கு உண்மையான தியாகம்.

அப்பாவின் வயதை நான் எட்டிய 2024இல், ஐப்பசியில், தீபாவளி கழிந்து அவருடைய திதி வந்தது. ஏழு மாதமாக எதுவும் வந்திருக்கவில்லை. பிண்டம் வைத்துவிட்டு வந்து படுத்த அன்றிரவு பன்னிரண்டரைக்கு வந்தது, முதல் நாள் வந்த அதே உருவத்தோடு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைகளை முழங்காலில் கவிழ்த்தேன். இம்முறை அப்பாவை நினைக்காமல் இருக்க முயலவில்லை. சோடாப் புட்டியை வாங்கி வாயில் வைத்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை, இத்தனை வருடமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்ததை, வரட்டும் என்று விட்டேன். அழுகை வந்தது. படபடப்பு எப்போது அடங்கியது என்று கவனிக்கவில்லை. மனைவி நேரம் சொல்லவும் மறந்து தோளில் கைவைத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் அம்மா சளியோடு ஊரிலிருந்து வந்தார். இரண்டு நாள் காய்ச்சல். இருமல் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிடலாம் என்று மனைவியின் பீரோவிலிருந்து கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வரவில்லை. மூடியைத் திறந்தால் பேட்டரி இரண்டும் இல்லை. "தீபாவளிக்கு முன்னாடியே ரிமோட்டுக்கு எடுத்துப் போட்டாச்சேங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. ரிமோட்டைத் திறந்து பேட்டரிகளைக் கழற்றிக் கருவியில் போட்டு அம்மாவின் விரலில் மாட்டினேன். 97. சரியாகப் பார்த்தாயா என்றுகூட அம்மா கேட்கவில்லை. சீரியலுக்கு நேரமாயிற்று, அதைத் திருப்பிப் போடு என்றார்.